மறுப்பு வாங்கப் போனவர்

சாலையோரத் தபால் பெட்டியின் முன்னால் நின்றபடியே உறைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறார் ரஸ் குபியாக். வீட்டு வாசல் இருபதடி தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளே மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஜனவரியில் கதகதப்பும் இருக்கிறது. ஆனாலும் மழையோ பனியோ, கிழிப்பது அங்கேதான். படித்ததைத் தன் பழைய பிக்கப் வண்டியின் பானெட் மேல் மூன்று பங்காகப் பிரிப்பார். விளம்பரமெல்லாம் குப்பைத் தொட்டிக்கு. மின்சாரம், எரிவாயு பில்கள் சட்டைப் பைக்கு. முகவரி தெரிய ஜன்னல் வைத்த நீள உறையில் வருவது எதுவானாலும் வண்டி இருக்கைக்கு அடியில். வீட்டுக்குள் போகும் பாக்கியம் தேவாலயத்தின் வாரத் துண்டுத்தாளுக்கும் பீட்சாக் கடைக் கூப்பனுக்கும் மட்டும்தான்.

"மழையில நனைஞ்ச நாயைக்கூட உள்ள விட்டுடுவார். ஒரு தபாலை விடமாட்டார்" என்பார் அவர் மனைவி லொரெய்ன்.

ரஸ்ஸுக்கு ஐம்பத்தைந்து வயது. நெடுநெடுவென்று வளர்ந்த உடம்பு, அதற்கும் மீறிய நீளத்தில் கால்கள். அந்தக் கால்கள் ஓரிடத்தில் மடங்கி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு சமையலறைத் தொட்டியருகே நின்றபடி. தொலைக்காட்சி சோபாவுக்குப் பின்னால் நின்றபடி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வரிசைக்கும் பின்னால், தூணுக்கு அருகே. கொஞ்சம் உட்காரேன் என்று யாராவது சொன்னால், "உட்கார்ந்தா ஏதாவது வந்துடும்" என்பார். என்ன வரும் என்று கேட்க வாயெடுப்பார்கள். அதற்குள் அவர் கொல்லைப் பக்கம் போயிருப்பார்.

தன் பிக்கப்பை விட்டால் அவர் உட்காருகிற ஒரே இடம் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கை. காலையில் அறுபத்திரண்டு பிள்ளைகள், மாலையில் அதே அறுபத்திரண்டு. எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் அழும், எது தம்பியை விட்டுவிட்டு இறங்கப் பார்க்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த வேலையில் அவர் பெரிய கெட்டிக்காரர். கோடை விடுமுறையில் பேருந்து நின்றுவிடும், சம்பளமும் நின்றுவிடும். அந்த இரண்டு மாதமும் மூன்று கல்லறைத் தோட்டங்களில் புல் வெட்டுவார். புல் வெட்டாத நேரத்தில் வீட்டில் இருப்பவர்களின் உயிரை எடுப்பார்.

இன்னொரு வழக்கம், வானம் பார்ப்பது. ஜூலை மாதத்துப் புழுக்கத்தில்கூட வாசலுக்கு வந்ததும் முதலில் மேற்கே பார்ப்பார். வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவலும் பீரும் உண்டு. அங்கே அவருடைய நண்பர் ஸ்டான் மற்றவர்களுக்குக் கேட்கும்படி விசாரிப்பார்: "என்ன ரஸ், இன்னிக்கு எத்தனை அங்குலம் பனி விழும்?" சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கோடையில் கேட்கிற கேள்வி. ரஸ் சிரிக்க மாட்டார். "மேக்கால கொஞ்சம் இருட்டுது" என்று சொல்லிவிட்டு மீனைக் கடிப்பார்.

பனிதான் அவரை ஆளாக்கியது, பனிதான் கவிழ்த்தது. கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் விழும் பனியை வண்டி வைத்துத் தள்ளுவது அப்போது அவருடைய தொழில். ஒரே ஒரு வண்டியும் இரண்டு ஆட்களுமாக இருந்தவரைக்கும் குறையொன்றும் இல்லை. 2011 கோடையில் ஆறு வணிக வளாகங்களின் ஒப்பந்தம் மொத்தமாகக் கிடைத்தது. வங்கி கடனைத் தட்டில் வைத்து நீட்டியது. மூன்று பெரிய வண்டிகள் வாங்கினார், ஒரு கொட்டகை நிறையப் பனியுருக்கும் உப்பு வாங்கிக் குவித்தார், வண்டிகளின் பக்கவாட்டில் தன் பெயரை நீல நிறத்தில் எழுதவைத்தார். அந்தக் குளிர்காலத்தில் பனியே விழவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் வெறும் சட்டையோடு தெருவில் பந்து விளையாடினார்கள். தள்ளினால்தான் காசு என்பது ஒப்பந்தம். அடுத்த வருஷமும் பனி பேருக்குத் தூவிவிட்டுப் போனது.

2013 டிசம்பரில் வங்கிக்காரர்கள் வந்து வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜனவரியில் பிடித்தது பாருங்கள் பனி, அந்த ஊர்க்காரர்கள் ஆயுசில் காணாத பனி. பள்ளிகளை மூடினார்கள், நெடுஞ்சாலையை மூடினார்கள். ரஸ் தன் வீட்டு முற்றத்தைக் கை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டு நின்றார். தெருவில் அவருடைய வண்டியே யாரோ ஒருவன் ஓட்டப் போயிற்று. பெயரின் மேல் வெள்ளைச் சாயம் பூசியிருந்தார்கள். அடியில் நீலம் தெரிந்தது.

அந்த மார்ச்சில் நீதிமன்றத்தில் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். வீடும் போயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் லொரெய்னின் குரல் மாறிவிடும். வீடு போனதற்காக அல்ல, போகப்போவது தெரியாமல் இருந்ததற்காக. எட்டு மாதமாக வங்கியிலிருந்து வந்த கடிதங்களை ரஸ் ஒன்றுவிடாமல் மறைத்து வைத்திருந்தார். தாயும் மகளும் கடைக்குப் போய்விட்டுக் கையில் பைகளோடு திரும்பியபோது வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மகள் ஜோசிக்கு அப்போது பதின்மூன்று வயது. சத்தம் போட்டுப் படித்தது அவள்தான்.

அந்த ஜோசிக்கு இந்தக் கோடையில் பதினெட்டு. அரைமணித் தூரத்திலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் படிப்பு. அரசாங்க உதவிக்கான படிவத்தை நிரப்புவதா என்று பேச்சு வந்தபோது, ரஸ் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கம் எதற்காகக் கொடுக்கப்போகிறது, வீணாக அவமானப்பட வேண்டாம் என்பது அவர் வாதம். அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜோசி பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து தானே நிரப்பி அனுப்பினாள். மானியமும் வந்தது, அவள் பெயரில் மாணவர் கடனும் வந்தது. பிள்ளையின் கடனுக்குப் பெற்றவரின் பழைய கதையை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் போக நாலாயிரம் டாலர் இடித்தது. ஜோசி ஐஸ்கிரீம் கடையில் உழைத்துச் சேர்த்ததையும், பல் மருத்துவமனை வரவேற்பில் லொரெய்ன் வாங்கும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கிள்ளித் தருவதையும் சேர்த்த பிறகுதான் அந்த நாலாயிரம். ஆகஸ்டு முதல் தேதிக்குள் வழி காட்டாவிட்டால் விடுதி அறை வேறு யாருக்காவது போய்விடும், பதிவும் ரத்தாகிவிடும்.

மே மாதத்தில் மூவரும் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ப்ரெண்டா ஸ்லோன் என்று ஓர் அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். ஜோசியின் கோப்பைப் புரட்டிவிட்டு ரஸ்ஸிடம் நேராகக் கேட்டார், திவால் ஆனவரா என்று. ரஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றார் ப்ரெண்டா. "பெத்தவங்களுக்குன்னு ஒரு அரசாங்கக் கடன் இருக்கு. சம்பளத்தைப் பார்க்க மாட்டாங்க, பழைய கறை இருக்கான்னு மட்டும் பார்ப்பாங்க. நீங்க விண்ணப்பம் போடுங்க. மாட்டோம்னு சொல்லுவாங்க. அந்த மறுப்பு எனக்கு வேணும். அது வந்தா பொண்ணு பேர்லயே இன்னும் நாலாயிரம் குடுக்க எனக்கு வழி இருக்கு. ஆனா தள்ளிப்போடாதீங்க."

ரஸ் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலின்போது கூடம் முழுக்க இதுதான் பேச்சு. "ஒரு தடவை 'ஊஹூம்' வாங்கினா நாலாயிரமாம்டா" என்று ஸ்டானின் தோளைத் தட்டினார். "இதுவரைக்கும் வாங்கின ஊஹூமுக்கெல்லாம் காசு குடுத்திருந்தா இன்னேரம் ஃப்ளோரிடாவுல வீடு கட்டியிருப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். விண்ணப்பம் இணையத்தில். பதினைந்து நிமிஷ வேலை.

மே போயிற்று. ஜூன் போயிற்று. மகள் கல்லூரி போவதற்காக ரஸ் செய்யாத வேலையில்லை. யாரோ வேண்டாமென்று வைத்த சின்ன குளிர்ப்பெட்டியைக் கொண்டுவந்து பழுது பார்த்தார். விடுதி அறையை அளக்க மூன்று தடவை போய்வந்தார், மூன்றாவது தடவை காவலாளி பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் வைக்க உருளை வைத்த பெட்டி செய்தார். ஜோசியின் ஓட்டைக் காருக்கு பிரேக் மாற்றி, துருப்பிடிக்காமலிருக்க அடிப்பாகத்தில் சாயம் பூசினார். ஓஹையோ மாநிலத்தில் வேறெங்கும் பூட்டே கிடைக்காது என்பதுபோல விடுதி அலமாரிக்கு ஒரு பூட்டும் வாங்கிவந்தார். காலையில் தொடங்கினால் இருட்டும்வரை கையும் காலும் ஓயாது.

விண்ணப்பம் போட்டாயிற்றா என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் இணையதளம் படுத்துவிட்டது. கேட்டால் கடவுச்சொல் மறந்துவிட்டது. கேட்டால் கல்லறையில் புல் காடாக வளர்ந்துவிட்டது. "போட்ட மாதிரிதான்" என்று ஒருநாள் சொன்னார். அது என்ன மாதிரி என்று லொரெய்ன் கேட்டபோது, கொட்டகையில் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் எழுந்திருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, நின்றுகொண்டுதானே இருந்தார்.

இதை வீம்பு என்று லொரெய்ன் நினைத்தார். வீம்பு இல்லை, பயம். திவாலான முதல் வருஷத்தில் மெத்தை வாங்க ஒரு கடைக்குப் போனார்கள். பழைய வீட்டோடு மெத்தைகளும் போய்விட்டதால் மூவரும் தரையில் படுத்துக்கொண்டிருந்த காலம். தவணையில் தருவதாகச் சொன்ன விற்பனையாள் எண்களைத் தட்டினான், திரையைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்தினான். அந்தக் குரல் தாழ்த்தியதைத்தான் ரஸ்ஸால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. அடித்து விரட்டியிருந்தால் மறந்திருப்பார். கைப்பேசிக் கடையிலும் அதே குரல், வாடகை வீடு கேட்டுப் போன இடத்தில் அதே குரல். பக்கத்தில் ஜோசி நின்றிருந்தாள், எல்லாவற்றுக்கும். கிடைக்கப்போவது நன்மையான மறுப்புதான் என்று அவர் மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

ஜூலை பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, ஜோசி தன் மடிக்கணினியைச் சமையலறை மேடையின் மேல் வைத்தாள். அப்பா உட்காரமாட்டார் என்பதால் அவர் நின்று தட்டும் உயரத்துக்கு அடியில் இரண்டு சமையல் புத்தகங்களையும் கொடுத்திருந்தாள். மீன் வறுவலுக்கு நேரமாயிற்று என்றார். மீன் எங்கேயும் போகாது என்றாள். வேறு வழியில்லாமல் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். பெயர், பிறந்த தேதி, அடையாள எண். பழைய கடன்களைச் சரிபார்க்கச் சம்மதமா என்று கேட்டது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் விரல் அந்தரத்தில் நின்றது. தட்டினார். தட்டிய வேகத்திலேயே முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக மேற்கே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"அப்பா" என்றாள் ஜோசி. "ஏத்துக்கிட்டாங்க."

"யாரை?"

"உன்னைத்தான்."

திரும்பி வந்து படித்தார். மறுபடி படித்தார். பின்கதவு வழியாக வெளியே போய் வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டு முன்கதவு வழியாக உள்ளே வந்தார். ஐந்து வருஷமாக ஜோசி பார்த்திராத முகம் அது. கன்னமெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தது. லொரெய்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"நாலாயிரம் என்ன நாலாயிரம்? மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். நீ ஒரு காசு கடன் வாங்க வேணாம் கண்ணு. அதான் அப்பா இருக்கேன்ல" என்றார்.

ஜோசியின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குச் சந்தோஷமில்லை என்பது அவருக்கு உடனே உறைக்கவும் இல்லை. எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று அவள் கேட்டாள். பத்து வருஷம் அந்தக் கறை போகாது என்றுதானே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ரஸ் தோளைக் குலுக்கினார். ஜோசி வெளியே போய் வண்டி இருக்கைக்கு அடியிலிருந்த பையை இழுத்து, நீதிமன்றத்தின் காகிதத்தைத் தேடி எடுத்தாள். கடன்கள் தள்ளுபடியானதாக நீதிபதி கையெழுத்துப் போட்ட தேதி 2014 ஜூலை 2. கணினியில் விதிகளைப் படித்தாள். கடன் வரலாற்றில் அந்தக் கறை பத்து வருஷம் இருக்கும்தான். ஆனால் இந்தக் கடன் கொடுப்பவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பது ஐந்து வருஷம் மட்டுமே. ஐந்து வருஷம் முடிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

மே மாதத்தில் போட்டிருந்தால் மறுத்திருப்பார்கள். ஜூன் மாதம் முழுக்க மறுத்திருப்பார்கள். குளிர்ப்பெட்டிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்த ஜூலை முதல் தேதியன்று போட்டிருந்தால்கூட மறுத்திருப்பார்கள்.

லொரெய்ன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் காகிதத்தின் தேதியைப் பார்த்தார், சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு தொட்டிக்குப் போய்க் கழுவின தட்டையே மறுபடி கழுவினார். ரஸ் முற்றத்துக்குப் போனார். அன்று அவருக்கு மீன் வறுவல் இல்லை.

அடுத்த நாள் தாங்கவில்லை. ஏற்றுக்கொண்ட அறிவிப்பை நூலகத்தில் அச்செடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டான் வீட்டுக்குப் போனார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்டான் காகிதத்தை விரித்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இப்ப நான் உனக்கு வாழ்த்து சொல்றதா, துக்கம் விசாரிக்கிறதா?" என்று கேட்டார்.

ரஸ்ஸுக்கே தெரியவில்லை. வண்டியில் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு தடவை பார்க்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. மறு தடவை பார்க்கும்போது அவசரமாக மடித்துப் பைக்குள் திணித்தார். பின்னால் நின்ற கார்க்காரன் ஒலியெழுப்பிய பிறகுதான் விளக்கு மாறியதே தெரிந்தது.

திங்கட்கிழமை ப்ரெண்டா ஸ்லோனிடம் போனார்கள். லொரெய்னுக்கு வேலை, அப்பாவும் மகளும் மட்டும். ப்ரெண்டா தேதிகளைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்கவில்லை. அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள் போல. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, ரஸ் அந்தக் கடனை எடுத்துக்கொள்ளலாம். தப்பில்லை, நிறையப் பேர் எடுக்கிறார்கள், அறுபத்தைந்து வயதுக்குப் பிறகும் கட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, அந்தக் கடனைக் கட்டும் வசதி தனக்கு இல்லையென்று ரஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பேருந்து வேலையின் சம்பளச் சீட்டும் வாடகை ரசீதும் கூடவே இருந்தால் போதும். மறுத்ததற்குச் சமமாக எடுத்துக்கொண்டு பெண் பெயரில் அந்த நாலாயிரத்தைக் கொடுத்துவிடலாம்.

"என் கையெழுத்திலயே முடிஞ்சுடும், மேல போக வேண்டியதில்ல" என்றார் ப்ரெண்டா. "ஆனா நீங்க உங்க கையால எழுதணும். உங்களுக்காக நான் எழுத முடியாது."

ரஸ் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நடைக்கூடத்துக்குப் போனார். குளிர்பான இயந்திரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நடந்தார், திரும்பினார், நடந்தார். அரசாங்கத்தின் கணினி ஒன்று, அவர் யாரென்று தெரியாமல், குரலைத் தாழ்த்தாமல், சரி என்று சொல்லியிருக்கிறது. இனி அவரே அதைக் கூப்பிட்டு, இல்லை, நீ சொன்னது தப்பு, நான் லாயக்கில்லாதவன் என்று சொல்லவேண்டும். அது ஒருபக்கம் இருக்கட்டும். பிள்ளையின் தலையில் சுமையை ஏற்றுவதா? ஜோசி வந்து இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"நான் பண்ணின கூத்துக்கு நீ எதுக்குச் சுமக்கணும்? பெத்தவன் பேர்ல இருக்கறதுதான் முறை. நான் கட்டிடுவேன், ஜோ. இந்தத் தடவை கட்டிடுவேன்" என்றார்.

ஜோசி, மூன்று மாணவர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"உன் பேர்ல இருந்தா கடுதாசியெல்லாம் உனக்கு வரும். எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பேர்ல இருந்தா எனக்கு வரும், நான் பிரிச்சுப் பார்ப்பேன்" என்றாள். பிறகு, "உன் பேர்ல இருந்தா எனக்குத் தூக்கம் வராதுப்பா" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பல் வலிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை சரியாகத் தூங்கவில்லையோ என்று அன்றுதான் அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதும் நடை நின்றுவிட்டது.

வண்டிக்குப் போய் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றார். அரைமணி நேரம் ஆயிற்று. மூன்று தாள், முன்னும் பின்னும். 2011இல் பனி விழாததில் தொடங்கியது. ஒப்பந்தத்தின் விதிகள், உப்பின் விலை, வங்கி மேலாளர் கைகுலுக்கியது, அடுத்த வருஷத்துத் தூறல், டிசம்பரில் வண்டிகள் போனது, ஜனவரியில் வானமே இடிந்து விழுந்ததுபோல் கொட்டியது, எல்லாம் இருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. ப்ரெண்டா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரு வரி விடாமல் ஆறு பக்கத்தையும் படித்தார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றார். "ஏன் இப்படி ஆச்சுன்னு இதுல தெளிவா இருக்கு. இப்ப உங்களால முடியுமா முடியாதாங்கறது எங்கயும் இல்லியே."

ரஸ் தாள்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். இல்லைதான்.

ப்ரெண்டா ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். அச்சடித்த பெயர், முகவரிக் கட்டங்களுக்குக் கீழே நாலே நாலு கோடுகள். ரஸ் சட்டைப் பையில் பேனா தேடினார். மடித்த அச்சுத்தாள்தான் கையில் தட்டுப்பட்டது, அதை அப்படியே விட்டுவிட்டு மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். குனிந்து, இடது உள்ளங்கையைத் தாளின் மேல் கூடாரம்போலக் கவிழ்த்து மறைத்துக்கொண்டு, உள்ளே எழுதத் தொடங்கினார். தான் பார்க்கக் கூடாது என்பதால் ஜோசியும் சுவரிலிருந்த பல்கலைக்கழகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் எழுதினார். பேனா நின்றது. அறைக்கு வெளியே ஒரு தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மிச்சத்தையும் எழுதி, முழுப்பெயரையும் கையெழுத்திட்டார்.

ப்ரெண்டா கையை நீட்டினார். ரஸ் தாளை அவரிடம் கொடுக்கவில்லை. இடது கையை எடுத்துவிட்டு, தாளை மகள் பக்கமாகத் திருப்பி வைத்தார். 'இந்தக் கடனைத் திருப்பிக் கட்ட என்னால் முடியாது' என்று எழுதியிருந்தது. அவள் குனிந்து அதைப் படித்து, கீழே கையெழுத்தையும் தேதியையும் படித்து நிமிரும்வரை, தாள் நகர்ந்துவிடாதபடி அதன் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.